நாற்பதாம் லெவலின் மூன்றாவது கதவு

மே 8, வியாழன்

பாஸ்! ஐந்நூற்று நாற்பத்தொன்று! கணக்கில் மட்டும் தொண்ணூற்றேழு. "நீயெல்லாம் தேறுனா நான் வேலையை விட்டுடறேன்" என்று வகுப்பு முழுக்கக் கேட்கச் சொன்ன கணக்கு மிஸ் இன்று என்ன செய்துகொண்டிருப்பார் என்று தெரியவில்லை. போன் போட்டுக் கேட்கலாமா என்றுகூட நினைத்தேன். அம்மா போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

ரிசல்ட் வந்தபோது நான் ஆபீசில் இருந்தேன். வீட்டில் இருந்திருந்தால் காலையிலேயே சாமி படத்துக்கு முன்னால் உட்கார வைத்திருப்பாள். பரீட்சை முடிந்த மறுவாரமே, காலேஜ் திறக்கும் வரைக்கும் என்று இந்த வேலையில் சேர்ந்தேன். சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேலே சின்ன கேம் கம்பெனி. என் வேலை போனில் கேம் ஆடுவது. சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஒரே சுவரில் இருநூறு தடவை மோதிப் பார்த்துவிட்டு வந்து சிரிக்கட்டும்.

கேமின் பெயர் 'மதில்'. ஒரு தூதன் ஓலையோடு கோட்டைக்குள் ஓடுவான். வழியெல்லாம் முள், நெருப்பு, மேலிருந்து விழும் இரும்புக் கதவுகள். மொத்தம் நாற்பது லெவல். எங்கள் டெஸ்ட் போனில் மட்டும் ஒரு பட்டன் உண்டு. அதைத் தட்டினால் தூதனுக்குச் சாவே கிடையாது. ஆபீசில் அதற்கு மார்க்கண்டேயன் என்று பேர். சுவரின் நிறம், நிழல் எல்லாம் சரியா என்று பார்க்கும்போது மார்க்கண்டேயன் ஆனில் இருக்கும், இல்லாவிட்டால் செத்துச் செத்தே பொழுது போய்விடும். உண்மையாகவே ஜெயிக்க முடிகிறதா என்று பார்க்கும்போது ஆஃப் செய்துவிட்டு மூன்று தடவை ஜெயிக்க வேண்டும். அப்போதுதான் ஷீட்டில் 'பாஸ்' என்று எழுதலாம். எங்கள் டெஸ்டிங் டீமுக்குத் தலைவியான ரெஜினா அக்கா முதல் நாள் சொன்ன ஒரே விதி இதுதான்.

இன்று கடைசி லெவல் என் பங்குக்கு வந்தது. எட்டரைக்கே உட்கார்ந்துவிட்டேன். ஒரு கண் ரிசல்ட் வரப்போகும் என் போன் மேல். ஆனாலும் மூன்று ஆட்டம், மூன்றும் பாஸ். மூன்றாவது முடியும் நேரம் மார்க் மெசேஜ் வந்தது. நாற்காலி பின்னால் போய் விழ, எழுந்து குதித்துக் கத்தினேன். ஷீட்டை நிரப்பிவிட்டு வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன். அக்காவும் அதற்குக் கீழே தன் பெயரைப் போட்டுவிட்டார்.

மே 12, திங்கள்

முதலாளி பார்த்திபன் சார் தன் அறைக்குக் கூப்பிட்டார். திட்டத்தான் போகிறார் என்று போனேன்.

நாங்கள் ஆடும்போது எங்கள் முகத்தையும் ஒரு கேமரா எடுக்கும். எங்கே முகம் சுளிக்கிறோம், எங்கே கொட்டாவி விடுகிறோம் என்று பார்ப்பதற்காக. சார் அங்கிருந்தவர்களுக்கு வியாழக்கிழமை வீடியோவைப் போட்டுக் காட்டினார். அதில் நான் பிசாசு பிடித்த மாதிரி குதிக்கிறேன். வாய் இந்தப் பக்கம், கண் அந்தப் பக்கம்.

"கடைசி லெவல ஜெயிச்சதுக்கு எப்படி ஒரு சந்தோஷம் பாருங்க! இந்த மூஞ்சிய எந்த மாடல் கொடுப்பா? நம்ம விளம்பரமே மௌனிகாதான்" என்றார்.

சார், அது ப்ளஸ் டூ ரிசல்ட் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பேனர் அடிப்பவருக்குப் போன் போட்டுவிட்டார். சரி, முகம் என்னுடையதுதானே என்று வாயை மூடிக்கொண்டேன். என் பேர்தான் மௌனிகா, நான் வாயை மூடுவது வருஷத்துக்கு ஒரு தடவை நடந்தால் அதிகம்.

மே 16, வெள்ளி

'மதில்' வெளியானது. ஆபீசில் கேசரி.

மே 24, சனி

கணபதி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே போர்டு வைத்துவிட்டார்கள். இரண்டு மாடி உயரத்தில் நான். கீழே 'கடைசிக் கோட்டையைத் தாண்டிய ஒரே ஆள் மௌனிகா. நீ?' என்று எழுதியிருக்கிறது. பல்லில் ஒட்டியிருந்த கறிவேப்பிலைத் துணுக்கைக்கூடத் துடைத்து எடுத்திருக்கிறார்கள். நல்ல மனசு.

அப்பா காந்திபுரத்திலிருந்து அன்னூர் போகும் பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டர். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை அந்தப் போர்டைத் தாண்டுகிறார். இன்று நானும் அந்தப் பஸ்ஸில் வந்தேன். போர்டு வந்ததும் விசில் ஊதி வண்டியை மெதுவாக்கிவிட்டார்.

"ஏனுங், அங்க மேல பாருங்க. எம்பட புள்ளைங்க! நாப்பது லெவலையும் தாண்டுனது இந்த ஊர்லயே இவ ஒருத்திதானுங்க" என்று பஸ் முழுக்கச் சொன்னார். பூக்கூடை வைத்திருந்த ஒரு அம்மா எதைத் தாண்டினேன் என்று புரியாமலேயே என் கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்தார். மானம் போயிற்று. ஆனால் எழுதினால் என்ன, பிடித்தும் இருந்தது.

போர்டுக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

மே 27, செவ்வாய்

காலையில் ரேஷன் கடை. துவரம் பருப்பு இல்லை. மத்தியானம் சும்மா இருக்கிறோமே என்று என் போனில் 'மதில்' போட்டு நாற்பதாவது லெவலை ஆடினேன். மூன்றாவது கதவில் செத்தேன். பதினோரு தடவை. என் போன் பழசு, தொட்டால் அரை நொடி கழித்துத்தான் கேட்கும்.

மே 28, புதன்

அப்பா போனில் ஆடினேன். அது புதுசு. மூன்றாவது கதவு. இருபத்தாறு தடவை. கை வியர்த்திருந்தது.

மே 30, வெள்ளி

யார் யாரோ மெசேஜ் அனுப்புகிறார்கள். இன்றுவரை ஒருவர்கூடக் கடைசி லெவலைத் தாண்டவில்லையாம். சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கஷ்டமா இருந்தாத்தான் பேசுவாங்க" என்கிறார்.

உக்கடத்திலிருந்து ஃபர்ஹானா என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறாளாம். "அக்கா, மூணாவது கதவ எப்படித் தாண்டுனீங்க? நாலு நாளா ஆடறேன். எங்க தப்பு பண்றேன்னு தெரியல. ப்ளீஸ் சொல்லுங்க அக்கா."

"பிராக்டிஸ் பண்ணு" என்று பதில் போட்டேன். கூடவே ஒரு கட்டைவிரல் படம்.

ஜூன் 2, திங்கள்

யூடியூபில் கோவைச் செய்திகள் போடும் ஒருவர் மைக்கோடு ஆபீசுக்கு வந்தார். எத்தனை தடவை ஜெயித்தீர்கள் என்று கேட்டார். மூன்று தடவை என்றேன். ஷீட்டில் அப்படித்தான் இருக்கிறது. ஷீட்டில் இருப்பதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

காலேஜ் பை வாங்கினோம். நீலம். ஜிப் இப்போதே சிக்குகிறது.

ஜூன் 5, வியாழன்

அந்த ஃபர்ஹானா வீடியோ போட்டிருக்கிறாள். மூன்றாவது கதவைப் போனில் பதிவு செய்து, ஒவ்வொரு படமாக நிறுத்தி எண்ணியிருக்கிறாள். நொடிக்கு அறுபது படமாம். கதவு விழ நாற்பது படம் ஆகிறது. தூதன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அடியில் போய்த் தாண்ட நாற்பத்தேழு ஆகிறது. "இது கஷ்டமான கதவு இல்லைங்க. தாண்டவே முடியாத கதவு" என்கிறாள். சத்தமே போடாமல், நோட்டைப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறாள்.

கீழே கமெண்ட் எல்லாம் படித்தேன். 'ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணலாம்', 'மௌனிகா அக்கா காலைக் கழுவிக் குடி', 'பொறாமை பிடித்த மூஞ்சி'. நான் அனுப்பிய 'பிராக்டிஸ் பண்ணு' மெசேஜை அவளே போட்டிருக்கிறாள். அதை எடுத்து என் போர்டு படத்தோடு ஒட்டி ஊரே பகிர்கிறது. சூப்பர் பதிலாம். செம அடியாம்.

சாரும் பகிர்ந்திருக்கிறார்.

ஜூன் 6, வெள்ளி

துணி துவைத்தேன். மெத்தை உறைகூடத் துவைத்தேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஜூன் 8, ஞாயிறு

நானும் எண்ணிவிட்டேன். நாற்பது. நாற்பத்தேழு. மூன்று தடவை எண்ணினேன். அவள் ஒன்றுகூடத் தப்பாக எண்ணவில்லை.

அப்படியானால் மே எட்டாம் தேதி நான் எப்படித் தாண்டினேன்? இதை எழுதாமல் இரண்டு வாரமாகப் பருப்பு, பை, மெத்தை உறை என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்று எட்டரைக்கு முதலில் நிழல்களைப் பார்த்தேன். நிழல் பார்க்க மார்க்கண்டேயன் ஆன். அதற்குப் பிறகு ஆஃப் செய்தேனா? செய்த ஞாபகம் இல்லை. கண் முழுக்க இன்னொரு போனில், மார்க் எப்போது வரும் என்று இருந்தது.

நாளைக்கு ஆபீசில் அன்றைய ஆட்டத்தின் திரைப் பதிவைப் பார்க்க வேண்டும். பட்டன் ஆனில் இருந்தால் திரையின் மூலையில் 'மா' என்று ஒரு சின்ன எழுத்து தெரியும்.

ஜூன் 9, திங்கள்

மா.

மூன்று ஆட்டத்திலும்.

ஜூன் 10, செவ்வாய்

சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். சத்தியமாக. படியேறும்போதே சார் எதிரே வந்து, "மௌனிகா, ஞாயித்துக்கிழமை மால்ல மேடை போடறோம். அந்த வாய்ச்சவடால் பொண்ணையும் கூப்பிட்டுட்டேன், வர்றேன்னுட்டா. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நாப்பதாவது லெவல் ஆடறீங்க. எல்லாரும் பாக்கட்டும்" என்றார்.

தலையாட்டினேன். என் தலையைக் கழற்றி எறியலாம் போல இருந்தது.

ஜூன் 11, புதன்

ஃபர்ஹானாவிடமிருந்து மெசேஜ்.

"அக்கா, ஸ்கூல்ல எல்லாரும் என்னை 'பிராக்டிஸ்'னுதான் கூப்பிடறாங்க. எங்கம்மா போனப் பிடுங்கி வெச்சுட்டாங்க. நீ தப்பா எண்ணியிருப்பே, அந்தப் பொண்ணு ஜெயிச்சுருக்காளேன்னு கேக்கறாங்க. எங்கம்மாகூட உங்களத்தான் நம்பறாங்க. இது பக்கத்து வீட்டுப் போன். ஞாயித்துக்கிழமை நீங்க தாண்டிட்டா நான் எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுக்கறேன். தாண்டலன்னா நீங்க சொல்லணும்."

அந்த எண்ணுக்கு எட்டு தடவை பதில் அடித்து எட்டு தடவையும் அழித்தேன்.

மத்தியானம் அப்பா சாப்பிட வந்தார். ஞாயிற்றுக்கிழமை ட்ரிப்பை வேறொருவரிடம் மாற்றிக் கொடுத்துவிட்டாராம். "டிரைவரும் வர்றேங்கறாரு கண்ணு. நீ கதவத் தாண்டறப்ப விசிலடிக்கோணும்ல?" என்று சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்துக் காட்டினார். மோர் சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவினேன்.

ஜூன் 12, வியாழன்

ரெஜினா அக்காவிடம் சொல்லிவிட்டேன். மாடிப்படியில் நிறுத்தி, ஒரே மூச்சில்.

அக்கா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். படியில் அப்படியே உட்கார்ந்தார். "எம் பேரும் அதுக்குக் கீழ இருக்கு மௌனி. நான் ஒரு ஆட்டமாச்சும் ஆடிப் பாத்திருக்கோணும். பாப்பாவுக்குக் காய்ச்சல், சீக்கிரம் போகோணும்னு பேரப் போட்டுட்டேன்" என்றார். குழந்தை பிறந்து ஒரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு இப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருக்கிறார்.

இரண்டு பேருமாகச் சாரிடம் போனோம். சார் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். பிறகு திரும்பி, என்னவோ எனக்குக் காய்ச்சல் என்பது போல மெதுவாகப் பேசினார்.

"தப்பு நடந்துபோச்சு. சரி பண்ணிரலாம். திங்கக்கிழமை அப்டேட் விட்டாக் கதவு மெதுவா விழும், எல்லாரும் தாண்டுவாங்க, யாருக்கும் ஒண்ணும் தெரியாது. ஆனா ஞாயித்துக்கிழமைக்கு எல்லாம் ஏற்பாடாயிருச்சு. நீ டெஸ்ட் போன்ல ஆடு. மார்க்கண்டேயன் ஆன்ல இருக்கட்டும். மூலையில வர்ற எழுத்த எடுத்துடச் சொல்றேன். மூணே நிமிஷம்."

"ஃபர்ஹானா சார்?"

"சின்னப் பொண்ணு. ஒரு வாரத்துல மறந்துடுவா."

அவள் மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்லியிருப்பதைச் சொன்னேன். "பாத்தியா, அவளே ரெடியா இருக்கா" என்றார். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் முதலில் என் மேல்தான்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்தார். "நீ என்ன செஞ்சாலும் எனக்காகச் செஞ்சேன்னு மட்டும் சொல்லிராத மௌனி. என்னைப் பத்தி நான் பாத்துக்கறேன்" என்றார். அது எனக்குப் பெரிய நிம்மதியும் இல்லை. இனிமேல் எந்தச் சாக்கும் கிடையாது என்று ஆகிவிட்டது.

ஜூன் 14, சனி

மார்க்கண்டேயன் ஆனில் இருந்தால், கதவு விழும்போது தூதன் ஒரு நொடி மங்கிவிட்டு மறுபடி தெளிவாவான். வேகமாகப் போனால் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. ஆபீசில் இன்று நாற்பது தடவை ஆடிப் பார்க்க வைத்தார்கள். யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

ஜூன் 15, ஞாயிறு

வீட்டுக்கு வந்து முகம்கூடக் கழுவாமல் எழுதுகிறேன். நாளைக்கு எழுதினால் என்னை நல்லவளாக மாற்றி எழுதிவிடுவேன்.

மாலின் நடுவே மேடை. பின்னால் பெரிய திரை, இரண்டாகப் பிரித்து இந்தப் பக்கம் என் ஆட்டம், அந்தப் பக்கம் அவள் ஆட்டம். மூன்று மாடிக் கைப்பிடியிலும் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசையில் அப்பா, காக்கிச் சட்டையோடு, பக்கத்தில் டிரைவர் மாமா. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஃபர்ஹானா என் தோள் உயரம்கூட இல்லை. பழுப்பு முக்காடு, ஒரு கையில் நோட்டு, இன்னொரு கையில் ஆடுவதற்கு ஆபீசில் கொடுத்த சாதாரணப் போன். மேடை ஏறும்போதே மேலிருந்து யாரோ "பிராக்டிஸ்!" என்று கத்த, மால் முழுக்கச் சிரிப்பு. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நோட்டைப் பிடித்திருந்த கை நடுங்கியது. என் முன்னால் ஒருத்தி கை நடுங்க நிற்கிறாள், அந்த நடுக்கம் நான் கொடுத்தது. இதைத் தவிர வேறெதுவும் அப்போது என் தலையில் இல்லை.

"ரெண்டு பேரும் ரெடியா?" என்றார் மேடையை நடத்திய மைக்குக்காரர்.

என்ன செய்யப் போகிறேன் என்று அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கே தெரியாது. அவர் மைக்கை என் பக்கம் நீட்டினார்.

"நாங்க போனை மாத்திக்கறோம்" என்றேன்.

கூட்டத்துக்கு அது பிடித்துப்போயிற்று. ஓவென்று கைதட்டினார்கள். மேடை ஓரத்தில் சார் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். என் பக்கம் வரவும் முடியாமல், நிற்கவும் முடியாமல், இரண்டடி வந்து நின்றுவிட்டார். டெஸ்ட் போனை ஃபர்ஹானாவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"எதுக்கு?" என்று சந்தேகமாகக் கேட்டாள்.

"ஆடிப் பாரு."

தன் போனை என்னிடம் தந்துவிட்டு அதை வாங்கிக்கொண்டாள். ஆரம்பித்தோம். முதல் கதவு, இரண்டாவது கதவு தாண்டினேன். மூன்றாவதில் செத்தேன். திரையில் பெரிதாகச் சிவப்பு. மூன்று மாடியும் "அய்யய்யோ" என்றது. அப்பா ஊதத் தயாராக வாயில் வைத்திருந்த விசிலை இறக்கினார்.

அந்தப் பக்கம் ஃபர்ஹானாவின் தூதன் ஓடிக்கொண்டிருந்தான். அடேயப்பா, என்னமாய் ஆடுகிறாள்! முதல் இரண்டு கதவையும் நான் ஒருநாளும் அப்படித் தாண்டியதில்லை. மூன்றாவது கதவு அவன் தலையில் விழுந்தது. மங்கினான், தெளிந்தான், அந்தப் பக்கம் நின்றான்.

கூட்டம் துள்ளிக் குதித்தது. "தாண்டிட்டா! தாண்டிட்டா!" மைக்குக்காரர் அவள் பெயரைக் கத்தினார். அவள் அப்படியே போய் ஓலையைக் கொடுத்திருந்தால் ஜெயித்திருப்பாள். ஊரே அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கும்.

அவள் விரலை எடுத்தாள். முகத்தைச் சுளித்தாள். தூதனைத் திருப்பிக் கொண்டுவந்து மூன்றாவது கதவுக்கு நேர் கீழே நிறுத்தினாள். கதவு விழுந்தது. மங்கினான், நின்றான். மறுபடி விழுந்தது. நின்றான். அத்தனை பெரிய திரையில் இரும்புக் கதவு அவன் தலையில் விழுந்துகொண்டே இருந்தது, அவன் கல் மாதிரி நின்றான். கைதட்டல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"இது சாகவே மாட்டேங்குது" என்றாள் ஃபர்ஹானா. பக்கத்தில் மைக் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "இது என்ன போன்?"

நான் மைக்கை வாங்கினேன்.

"அது டெஸ்ட் பண்ற போனுங்க. சாகாத மாதிரி ஒரு பட்டன் இருக்கு. நான் ஜெயிச்சேன்னு சொன்ன அன்னிக்கு அந்தப் பட்டன் ஆன்ல இருந்துச்சு. அன்னிக்கு எனக்குத் தெரியாது. போன திங்கக்கிழமை தெரிஞ்சுது. தெரிஞ்சும் ஆறு நாள் சொல்லல. போர்டுல நான் குதிக்கிறது கேம் ஜெயிச்சதுக்கு இல்லைங்க. ப்ளஸ் டூ பாஸானதுக்கு."

ஒருத்தர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. மேலே எங்கேயோ ஒரு குழந்தை அழுதது. சார் மேடையில் இல்லை. முதல் வரிசைப் பக்கம் நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இறங்கி ஓடியிருப்பேன்.

ஃபர்ஹானா என் எதிரே வந்து நின்றாள். எனக்குக் கை கொடுக்கவில்லை, பரவாயில்லை அக்கா என்று சொல்லவில்லை. கண் நிறைந்திருந்தது, ஆனால் அது என் மேல் இரக்கம் இல்லை.

"அப்ப நான் எண்ணுனது?"

"சரி."

"மைக்ல சொல்லுங்க."

சொன்னேன். "ஃபர்ஹானா எண்ணுனதுதான் சரி. அந்தக் கதவ யாராலயும் தாண்ட முடியாது. நானும் தாண்டல."

அவள் திரும்பிக் கூட்டத்தின் கடைசியைப் பார்த்தாள். எஸ்கலேட்டர் பக்கத்தில், கையில் கட்டைப் பையோடு ஒரு அம்மா எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்கா சொல்லுங்க. எங்கம்மா அங்க கடைசியில நிக்கறாங்க. அவங்களுக்குக் கேட்டிருக்காது."

மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், அந்த அம்மாவைப் பார்த்து, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.